குதிரைக் காலில் அறுந்த தசைநாண்: லாயத்து முதலுதவி முதல் ஆபரேஷன், காஸ்ட், மறுநடை வரை

கம்பிவேலி, தகரத் தடுப்பு, உடைந்த இரும்புக் கேட், வயல் ஓரத்தில் கிடக்கும் கலப்பை. குதிரைக் காலின் பின்பக்கத் தசைநாண் பெரும்பாலும் இவற்றில் பட்டுத்தான் அறுகிறது. அப்படி வெட்டுப்பட்டு முழுதாகவோ பாதிக்கு மேலோ அறுந்த மடக்குத் தசைநாணை (காலைப் பின்னால் மடக்கும், தசையை எலும்போடு இணைக்கும் நாண்) எப்படிச் சரிசெய்வது என்பதுதான் இங்கே பேச்சு. ஓடி ஓடி வீங்கி, தோல் கிழியாமல் உள்ளுக்குள் நார் சிதைந்த தசைநாண் வேறு கதை. அதை இதில் சேர்க்கவில்லை.

குதிரைக் கேஸ் அதிகம் பார்த்திராத இளம் கால்நடை மருத்துவர்களுக்காக எழுதுகிறேன். குதிரை வைத்திருப்பவர்கள் 1, 2, 3, 9, 10 ஆகிய பகுதிகளைப் படித்தால் போதும். மற்றவை முழு மயக்கமும் ஆபரேஷன் வசதியும் உள்ள இடத்தில் பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டியவை. லாயத்தில் குதிரையை நிற்க வைத்து, மரத்துப்போக ஊசி போட்டுத் தைத்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம்.

புதிதாக வருபவர்கள் எல்லோருக்கும் தையல் முறையின் மேல்தான் கண். எந்தத் தையல், எந்த நூல், எத்தனை முடிச்சு என்று கேட்பார்கள். ஆனால் குதிரை ஆபரேஷன் மேசையிலிருந்து எழுந்து ஒருமுறை முழுதாகக் கால் ஊன்றினாலே போதும், அந்தப் பாரத்தை எந்தத் தையலும் தாங்காது. தாங்குவது காஸ்ட், அதாவது காலைச் சுற்றி இறுகும் கெட்டிக்கட்டு. தையலின் வேலை அறுந்த முனைகளைப் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பதோடு முடிந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் வரிசைக்குக் காரணம் தானே விளங்கும்.

1. எது அறுந்தது என்று நிற்பதைப் பார்த்தே கண்டுபிடியுங்கள்

போனில் "நரம்பு அறுந்துடுச்சு சார்" என்றுதான் தகவல் வரும். காயம் முன்பக்கமா பின்பக்கமா, கால் ஊன்றும்போது குளம்பின் நுனி என்ன செய்கிறது, ஃபெட்லாக் மூட்டு (குளம்புக்கு மேலே உள்ள கணுமூட்டு) இறங்கியிருக்கிறதா என்று மூன்று கேள்வி கேளுங்கள். பக்கவாட்டில் இருந்து ஒரு போட்டோவும் அனுப்பச் சொல்லுங்கள்.

காலின் பின்பக்கம் தோலுக்கு அருகில் மேல்மடக்குத் தசைநாணும், அதற்கு உள்ளே ஆழ்மடக்குத் தசைநாணும் ஓடுகின்றன. மேல்மடக்குத் தசைநாண் மட்டும் அறுந்திருந்தால் ஃபெட்லாக் கொஞ்சம் தாழும், குளம்பு தரையில் சரியாகவே இருக்கும். ஆழ்மடக்குத் தசைநாண் அறுந்தால் எடை வைக்கும்போது குளம்பின் நுனி மேலே தூக்கிக்கொள்ளும். குளம்பு எலும்பைக் கீழே இழுத்துப் பிடிப்பது அது ஒன்றுதான் என்பதே காரணம். இரண்டும் போயிருந்தால் ஃபெட்லாக் தாழ்ந்து நுனியும் தூக்கியிருக்கும். ஃபெட்லாக்கைத் தாங்கும் சஸ்பென்சரி லிகமெண்டும் சேர்ந்து போயிருந்தால் ஃபெட்லாக் தரையைத் தொடும் அளவுக்கு உட்காரும்.

காயம் காலின் முன்பக்கம் இருந்து, குதிரை நுனியை முன்னே வீச முடியாமல் மடித்து இடறினால் அது நீட்டுத் தசைநாண். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் முடிவு பொதுவாக நல்லது. பெரும்பாலும் அதைத் தைக்கவே தேவையில்லை. காயத்தைச் சுத்தம் செய்து, நுனி மடியாமல் ஸ்பிளிண்ட் (காலை அசையாமல் பிடிக்கும் பட்டை) கட்டி வைத்தால் தானாகவே வடுத்திசு நிரம்பிப் பிடித்துக்கொள்ளும்.

இங்கே சறுக்குவது இரண்டு இடத்தில். முதலாவது, தோல் காயத்தின் அளவை நம்புவது. இரண்டு விரல் அகலக் காயத்துக்குள் இரண்டு தசைநாணும் முழுதாக அறுந்திருக்கலாம். இரண்டாவது, குதிரை ஒழுங்காக நிற்கிறது என்பதால் ஒன்றும் அறவில்லை என்று முடிவுகட்டுவது. முக்கால்வாசி அறுந்த தசைநாண் மீதிக் கால்வாசியைப் பிடித்துக்கொண்டு நிற்கும், லாரியில் ஏற்றும்போது அதுவும் போய்விடும். சந்தேகம் இருந்தால் அறுந்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள். நடக்க வைத்துச் சோதிக்க வேண்டாம்.

2. லாயத்தில்: மருந்துக்கு முன் கட்டு

முதலில் இரத்தம், பிறகு காயம், பிறகு கட்டும் ஸ்பிளிண்டும், அதற்கப்புறம்தான் ஊசிகள். கடைசியில் வண்டி. ஊசியில் ஆரம்பிப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். ஊசி போடும் அந்தப் பத்து நிமிடத்தில் குதிரை நான்கைந்து முறை காலை மாற்றி ஊன்றும். ஒவ்வொரு ஊன்றலும் அறுந்த முனையை இன்னும் நார்நாராகக் கிழிக்கும், மேல்முனையை மேலே இழுத்துக்கொள்ளும்.

இரத்தம் கொட்டினால் சுத்தமான துணித்திண்டை வைத்து அழுத்திக் கட்டுங்கள். கயிறு போட்டு இறுக்க வேண்டாம். காலின் கீழ்ப்பகுதிக்குத் தசை கிடையாது, இரத்தக்குழாயும் நரம்பும் தோலுக்கு அடியிலேயே ஓடுகின்றன. கயிறு அவற்றை நசுக்கிவிடும்.

காயத்தை வெறும் சலைனால் கழுவுங்கள். பாட்டில் மூடியில் 18 கேஜ் ஊசியைக் குத்திப் பிழிந்தால் போதுமான வேகம் கிடைக்கும். மஞ்சள்தூள், வேப்பெண்ணெய், வண்டி ஆயில், ஹைட்ரஜன் பெராக்சைடு, நீல ஸ்பிரே எதுவும் வேண்டாம். நாம் போய்ச் சேர்வதற்குள் இவற்றில் ஒன்றாவது பூசப்பட்டிருக்கும். திட்டிப் பயனில்லை, கழுவத்தான் வேண்டும். தசைநாண் உறை (தசைநாண் வழுக்கி ஓடும் குழாய் போன்ற பை) திறந்திருந்தால் இந்தத் தூளெல்லாம் நேராக உறைக்குள்தான் போய்ச் சேர்கிறது.

அப்புறம் ஸ்பிளிண்ட். கிம்சி ஸ்பிளிண்ட் (குதிரைக் காலுக்கென்றே வரும் ஆயத்த உலோக ஸ்பிளிண்ட்) கையில் இருந்தால் மிகவும் நல்லது, முன்னங்காலுக்குச் சில நிமிடத்தில் மாட்டிவிடலாம். இல்லாவிட்டால் நான்கு அங்குல பிவிசி குழாயை நீளவாக்கில் அறுத்து, முனைகளை மழுக்கி, பஞ்சு சுற்றிப் பயன்படுத்துங்கள். முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழிருந்து குளம்பின் நுனி வரை முன்பக்கமாக வைக்க வேண்டும். உதவியாளர் முழங்காலைத் தூக்கிப் பிடித்தால் பாதம் தொங்கி, கேனன் எலும்பும் (முழங்காலுக்கும் ஃபெட்லாக்குக்கும் நடுவில் உள்ளது) பாஸ்டர்னும் (ஃபெட்லாக்குக்கும் குளம்புக்கும் நடுவில் உள்ளது) குளம்பும் முன்பக்கத்தில் ஒரே நேர்கோட்டுக்கு வரும். அந்த நிலையில் கட்டினால் குதிரை நுனிக் குளம்பில் நிற்கும், எடை எலும்பு வழியாக இறங்கும், பின்பக்கத் தசைநாண் தளர்ந்திருக்கும். பின்னங்காலில் இதே நேர்கோட்டுக்குப் பலகையைப் பின்பக்கமாக வைத்துக் கட்டுவது எளிது. மூட்டு நடுவில் ஸ்பிளிண்ட் முடியக் கூடாது.

இனி ஊசிகள். டெட்டனஸ் தடுப்பைத் தள்ளிப்போடாதீர்கள். கால்நடைகளில் குதிரைதான் இந்த நோய்க்கு அதிகம் ஆளாவது. முன்பு தடுப்பூசி போட்டிருந்தால் டாக்சாய்டு பூஸ்டர், போட்டதே தெரியவில்லை என்றால் ஆன்டிடாக்சினும் சேர்த்து. வலிக்கு ஃபுளூனிக்சின் கிலோவுக்கு 1.1 மில்லிகிராம். ஆன்டிபயாட்டிக்காக புரோக்கெயின் பெனிசிலின் கிலோவுக்கு 22,000 யூனிட் தசையில், ஜென்டாமைசின் கிலோவுக்கு 6.6 மில்லிகிராம் சிரையில். குதிரை நீர் வற்றியிருந்தால் ஜென்டாமைசினுக்கு முன் திரவம் ஏற்றுங்கள், சிறுநீரகம் தாங்காது. அமைதிப்படுத்த சைலசின் குறைந்த அளவில் போதும். அதிகமானால் தள்ளாடும், தள்ளாடினால் ஸ்பிளிண்ட் போட்ட காலில்தான் விழும். இரத்தம் நிறையப் போன குதிரைக்கு ஏசிபுரோமசின் கொடுக்க வேண்டாம், இரத்த அழுத்தம் இன்னும் இறங்கிவிடும்.

வண்டியில் ஏற்றும்போது முன்னங்கால் காயமென்றால் குதிரையின் முகம் வண்டியின் பின்பக்கம் பார்க்கட்டும், பின்னங்கால் காயமென்றால் முன்பக்கம். பிரேக் போடும்போது எடை நல்ல கால்களுக்குப் போகும். டிரைவரிடம் இதைச் சொல்லி வையுங்கள், பாதி வழியில் "குதிரை திரும்பி நிக்குதே" என்று சரிசெய்துவிடுவார்.

3. தைப்பதா வேண்டாமா

இந்தப் பேச்சை மயக்கம் கொடுப்பதற்கு முன் முடிக்க வேண்டும். செலவில் ஆபரேஷன் ஒரு பகுதிதான். காஸ்ட் மாற்றங்கள், ஆஸ்பத்திரி வாடகை, லாடம், மாதக்கணக்கில் வேலை செய்யாமல் தின்னும் குதிரை, கூடவே ஒரு ஆள். சொந்தக்காரரிடம் மொத்தத்தையும் சொல்லுங்கள். காஸ்ட் போட்டு மூன்றாவது வாரத்தில் பணம் தீர்ந்துபோனால் அந்தக் குதிரை படும் பாடு, முதலிலேயே வேறு முடிவு எடுத்திருந்தால் இருந்திருக்காது.

நம்பிக்கை தருபவை: ஒரே தசைநாண், உறைக்கு வெளியே கேனன் பகுதியில் வெட்டு, சில மணி நேரத்துக்குள் வந்தது, சாதுவான குதிரை. கவலை தருபவை: இரண்டு தசைநாணும் அறுந்தது, உறைக்குள் வெட்டு, நாள்பட்ட அழுக்கு, காலின் இருபக்க இரத்தக்குழாயும் போய்ப் பாதம் சில்லிட்டிருப்பது. சஸ்பென்சரியும் சேர்ந்து அறுந்த பெரிய குதிரைக்கு நான் ஆபரேஷனைப் பரிந்துரைப்பதில்லை. மேய்ச்சலில் நிம்மதியாக நடமாடினால் போதும் என்பதும் மறுபடி சவாரி செய்ய வேண்டும் என்பதும் ஒரே இலக்கு அல்ல. சொந்தக்காரர் எதை எதிர்பார்க்கிறார் என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

பாதிக்கும் குறைவாக அறுந்ததைப் பொதுவாகத் தைப்பதில்லை. சிதைந்த ஓரத்தை மட்டும் சீவிவிட்டு, காயத்தைச் சுத்தம் செய்து, காஸ்ட்டோ ஸ்பிளிண்ட் கட்டோ போடலாம். நல்ல நார்களுக்குள் ஊசியை விட்டு அவற்றையும் காயப்படுத்துவதில் லாபமில்லை.

4. மயக்கத்துக்கு முன் முடிக்க வேண்டியவை

காஸ்ட் ரோல்களை இப்போதே எண்ணி வையுங்கள். தேவை என்று நினைப்பதைவிட இரண்டு கூடுதலாக. குதிரையை மயக்கத்தில் வைத்துக்கொண்டு ரோலுக்கு ஆள் அனுப்புவது எந்தச் சிக்கலிலும் மோசமான சிக்கல்.

லாடத்தைக் கழற்றி, குளம்பைச் சீவி, தேய்த்துக் கழுவுங்கள். அந்தக் குளம்பு பல வாரம் காஸ்ட்டுக்குள் இருக்கப்போகிறது. இதை மயக்கத்துக்குப் பிறகு செய்தால் மயக்க நேரம் வீணாகும், தியேட்டருக்குள் சாணமும் வரும்.

எக்ஸ்ரே எடுங்கள். எலும்புச் சில்லு, உள்ளே தங்கிய கம்பித்துண்டு இரண்டும் அதில்தான் தெரியும். அல்ட்ராசவுண்டில் மேல்முனை எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று பாருங்கள். காயத்துக்குள் காற்று புகுந்திருந்தால் அந்த இடம் மட்டும் தெளிவாக இராது, மேலும் கீழும் தெரியும்.

உறை திறந்திருக்கிறதா என்று சோதிப்பது கட்டாயம். காயத்திலிருந்து தள்ளி, சுத்தமான தோல் வழியாக உறைக்குள் ஊசி விட்டு, முதலில் திரவம் எடுத்துச் சோதனைக்கு அனுப்புங்கள். பிறகு அதே ஊசியில் சலைன் ஏற்றுங்கள். காயம் வழியாக வழிந்தால் உறை திறந்திருக்கிறது. காயத்துக்குள்ளேயே ஊசி விட்டுப் பார்ப்பவர்கள் உண்டு, அது அழுக்கை உறைக்குள் தள்ளும் வேலை.

எடையைக் கண்மதிப்பில் போடாதீர்கள். மார்புச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, உடல் நீளத்தால் பெருக்கி, 11,900-ஆல் வகுத்தால் ஏறத்தாழ கிலோ கிடைக்கும்.

5. மயக்கம், படுக்கை, இரத்தத் தடை

வழக்கமான சைலசின், கெட்டமின், டயசிபாம், பிறகு ஐசோஃபுளூரேன். இதில் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்பிளிண்டைக் குதிரை படுத்த பிறகுதான் கழற்ற வேண்டும், அவ்வளவு.

எஸ்மார்க் கட்டால் (ரப்பர்ப் பட்டை) இரத்தத்தை மேலே தள்ளி டூர்னிகே (இரத்த ஓட்டத்தை நிறுத்தும் இறுக்குப்பட்டை) போடுங்கள். இரத்தம் இல்லாத களத்தில்தான் தசைநாண் முனைகளும் இரத்தக்குழாய்களும் பிரித்துத் தெரியும். கட்டிய நேரத்தைப் பலகையில் எழுதுங்கள், இரண்டு மணி நேரத்தைத் தாண்ட விடாதீர்கள்.

6. சுத்தம் செய்வது

தையலைவிட இதற்கு அதிக நேரம் பிடிக்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் அவசரப்படுகிறீர்கள் என்று அர்த்தம்.

முடி மழிக்கும் முன் காயத்தைக் கிருமிநீக்கிய ஜெல்லால் நிரப்புங்கள், மயிர் உள்ளே விழாது. மழித்துக் கழுவிய பிறகு ஒரு செட் கருவிகளால் அழுக்குத் திசுவை வெட்டி எடுங்கள். பிறகு கையுறை, துணி, கருவி எல்லாவற்றையும் மாற்றுங்கள். கருவியைக் காப்பாற்றுவதற்காக ஒரே செட்டில் இரண்டையும் செய்பவர்கள், வெட்டி எடுத்த அழுக்கையே தையலோடு உள்ளே வைத்து மூடுகிறார்கள்.

தோலையும் கொழுப்பையும் தாராளமாக வெட்டலாம். தசைநாணில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டும். நார்நாராகப் பிய்ந்ததையும் நிறம் மாறியதையும் எடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். வெட்டும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் பிறகு இடைவெளியாக வந்து நிற்கும்.

முனைகளைத் தேடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். வெட்டுப்பட்ட நேரத்தில் கால் மடங்கியோ நீண்டோ இருந்திருக்கும், அதனால் தோல் காயத்துக்கு நேராகத் தசைநாண் காயம் இராது. ஃபெட்லாக்கை மடக்கினால் கீழ்முனை எட்டிப் பார்க்கும். மேல்முனை வரவில்லை என்றால் காயத்துக்குள் கண்மூடித்தனமாகக் கவ்வி தேடாமல், தோல் காயத்தை நீளவாக்கில் பெரிதாக்குங்கள். ஓரங்களில் ஓடும் இரத்தக்குழாயும் நரம்பும் கவ்வியில் மாட்டினால் பாதமே போய்விடும்.

உறை திறந்திருந்தால் லிட்டர் கணக்கில் ரிங்கர் லாக்டேட் விட்டு அலசுங்கள். டெனோஸ்கோப் (உறைக்குள் பார்க்கும் கேமராக் குழாய்) இருந்தால் தனித் துளை வழியாக உள்ளே பார்த்துக்கொண்டே அலசுவது சிறந்தது. உறையின் மடிப்புகளில் ஒளிந்திருக்கும் மண்ணும் மயிரும் வெளியிலிருந்து ஊற்றும் நீருக்கு வராது.

எவ்வளவு அலசியும் மனம் ஒப்பவில்லை என்றால் அன்று தைக்காதீர்கள். கிருமிநீக்கிய கட்டும் ஸ்பிளிண்டும் போட்டு, மூன்று நான்கு நாள் ஆன்டிபயாட்டிக்கும் கட்டு மாற்றமுமாக ஓட்டி, சதை சுத்தமான பிறகு தையுங்கள். சீழ்பிடித்த திசுவில் நூல் நிற்காது, நூலே கிருமிக்குக் கூடாகிவிடும். மறுபடி மயக்கம் கொடுக்க வேண்டுமே என்று தயங்குவார்கள். அந்தத் தயக்கத்துக்கு இடம் கொடுக்க வேண்டாம்.

7. தையல்

உருண்டையான தசைநாண், உறைக்கு வெளியே வெட்டு என்றால் மூன்று வளைய புல்லி தையல். உறைக்குள் என்றால் பூட்டு வளையத் தையல். புல்லி தையல் பலமானது, இடைவெளி விடாமல் பிடிக்கும். ஆனால் நூல் நிறைய வெளியே தெரியும். உறைக்குள் தசைநாண் வழுக்கி ஓட வேண்டும், அங்கே வெளியே தெரியும் நூல் ஒவ்வொன்றும் ஒட்டுத்திசுவை அழைக்கும். தட்டையான மேல்மடக்குத் தசைநாணுக்கும் பூட்டு வளையம்தான் பொருந்தும், தட்டையான பொருளில் மூன்று தளங்களில் நூல் ஓட்ட இடமில்லை.

நூல் 2 எண் பாலிடயாக்சனோன் போதும். சில வாரம் வலுவாக நின்று பிறகு மெதுவாகக் கரையும், கரையாத நூல்போல் உள்ளேயே தங்கிக் கிருமிக்கு இடம் தராது.

புல்லி தையல் போகும் விதம் இது:

முதலில் உதவியாளர் இரு முனைகளையும் தொட வைத்துப் பிடிக்கட்டும். ஃபெட்லாக் மடங்கியே இருக்க வேண்டும். தசைநாணை முறுக்காமல் பிடித்திருக்கிறாரா என்று நார்களின் போக்கைப் பாருங்கள்.

முதல் வளையத்தில் மேல்முனையில் வெட்டுக்குப் பக்கத்தில் குத்தி, கீழ்முனையில் தூரத்தில் குத்துங்கள். ஊசி நார்களுக்குக் குறுக்காகப் போக வேண்டும்.

இரண்டாவது வளையத்தை முதல் வளையத்திலிருந்து 120 டிகிரி சுற்றி ஓட்டுங்கள். இரு முனையிலும் நடுத்தூரத்தில் குத்துங்கள்.

மூன்றாவது இன்னொரு 120 டிகிரி சுற்றி. இப்போது மேல்முனையில் தூரம், கீழ்முனையில் பக்கம்.

மூன்றும் ஓட்டிய பிறகே நூலின் இரு நுனியையும் இழுத்து முடிச்சிடுங்கள். ஒவ்வொரு வளையத்தையும் தனித்தனியே இறுக்கினால் ஒன்று பாரம் தாங்கும், மற்ற இரண்டும் சும்மா இருக்கும். எல்லா வளையமும் ஒன்றாக வழுக்கி இறுகுவதுதான் இந்த முறையின் பலம்.

பார்க்கிற தவறுகளில் முதலிடம் வெட்டு விளிம்புக்கு மிக அருகில் குத்துவது. நார்கள் நீளவாக்கில் ஓடுவதால் நூல் அவற்றுக்கிடையே சீவிக்கொண்டு வெளியே வந்துவிடும். அடுத்தது, ஓட்டி முடித்த நூல் வழியாகவே ஊசியைக் குத்துவது. நூல் பாதி அறுபட்டுவிடும், வளையமும் வழுக்காது. மூன்றாவது, முனைகள் நசுங்கி மடியும் அளவுக்கு இறுக்குவது. தொட்டுக்கொண்டிருந்தால் போதும்.

முனைகள் சேரவே இல்லையா? இழுத்துப் பிடித்துச் சண்டை போடாதீர்கள். சிறு இடைவெளியோடு பிடித்து நிறுத்துவது, முழுதாகச் சேர்த்துப் பிறகு நூல் சீவிக்கொண்டு போவதைவிட மேல். இடைவெளியை வடுத்திசு நிரப்பும், அதற்குக் காலம் கூடுதலாகும்.

தசைநாணின் மேற்சவ்வைச் சேர்த்து மூடிவிட்டு, தோலைத் தையுங்கள். டூர்னிகே இன்னும் இருக்கும்போதே சிரை வழியாக 60 மில்லி சலைனில் 1 கிராம் அமிகாசின் ஏற்றி 20 முதல் 30 நிமிடம் நிறுத்திவைத்தால், அந்தக் காலுக்கு மட்டும் அதிக அளவு மருந்து போய்ச் சேரும். டூர்னிகே நேரத்தில் இதற்கான அரை மணியை முன்பே ஒதுக்கி வையுங்கள். அன்றைய ஜென்டாமைசினோடு சேர்த்துக் கணக்கிடுங்கள், இரண்டும் ஒரே இன மருந்து.

8. காஸ்ட்

தையல் முடிந்ததும் எல்லோரும் தளர்ந்துவிடுவார்கள். மூத்த மருத்துவர் கையுறையைக் கழற்றுவார், காஸ்ட்டை ஜூனியர் போடுவார். இது தலைகீழ் என்பது என் கருத்து. கையில் அனுபவம் உள்ளவர் காஸ்ட்டைத்தான் போட வேண்டும்.

அரைக்கால் காஸ்ட் என்றால் முழங்காலுக்கோ பின்னங்கால் ஹாக் மூட்டுக்கோ சற்றே கீழிருந்து குளம்பு முழுதும் மூடும் வரை. கேனன் எலும்பின் நடுவில் நிறுத்தினால் அந்த விளிம்பில் எல்லா அழுத்தமும் குவிந்து எலும்பே முறியலாம். குளம்பைத் திறந்து விட்டால் காலுக்கு நெம்புகோல் கிடைத்துவிடும், காஸ்ட் போட்டும் போடாததும் ஒன்றுதான்.

ஃபெட்லாக் லேசாக மடங்கிய நிலையில் இருக்கட்டும். அதிகம் மடக்கினால் தையலுக்குச் சுகம்தான், ஆனால் பிறகு நேராக்கும்போது தசைநாண் முழுவதும் ஒரே நாளில் இழுபடும்.

காயத்தின் மேல் ஒட்டாத கட்டு, மெல்லிய பேண்டேஜ், இரண்டடுக்கு ஸ்டாக்கினெட், மேல்விளிம்பில் ஃபெல்ட் பட்டை. பஞ்சு குறைவாக இருக்க வேண்டும். புண்ணாகுமே என்று பஞ்சை அடுக்குவது இரக்கத்தில் செய்யும் தவறு. பஞ்சு இரண்டே நாளில் அமுங்கிவிடும், உள்ளே கால் ஆடும், ஆடும் கால்தான் உராய்ந்து புண்ணாகும்.

ஃபைபர்கிளாஸ் ரோலை இளஞ்சூட்டு நீரில் நனையுங்கள். சூடு கூடினால் சுற்றி முடிப்பதற்குள் இறுகிவிடும். நம்மூர் வெயிலில் குழாய்த் தண்ணீரே போதும், சில நாள் அதுவே அதிகம். முதல் ரோலை இழுக்காமல் சுற்றுங்கள். அரை அகலம் மேலேற வேண்டும். பிடித்திருப்பவர் உள்ளங்கையால் பிடிக்கட்டும், விரலால் பிடித்தால் அந்தப் பள்ளம் உள்ளே முள்ளாக நிற்கும். சுற்றத் தொடங்கிய பிறகு மூட்டின் கோணத்தை மாற்றக் கூடாது, மடிப்பு விழும்.

குதிகாலுக்கு அடியில் ஆப்பு வைத்து, காஸ்ட் ரோலாலேயே சுற்றிச் சமமாக்குங்கள். நிற்கும்போது ஆழ்மடக்குத் தசைநாணின் இழுவை இதனால் குறையும். அடிப்பாகத்தில் தேய்மானத்துக்குக் குளம்பு அக்ரிலிக் பூசுங்கள்.

இறுகி முடியும் வரை குதிரையை எழ விடாதீர்கள். எழும்போது தலைக்கயிறும் வால்கயிறும் கட்டி ஆட்கள் தாங்கட்டும். இத்தனை மணி நேர வேலை வீணாகக்கூடிய நிமிடங்கள் இவைதான்.

9. காஸ்ட் வாரங்கள்

குதிரை லாயத்துக்குள் மட்டும். தீனியில் கொள்ளையும் ஓட்ஸையும் குறைத்து, காய்ந்த புல்லைக் கூட்டுங்கள். வேலை இல்லாமல் தானியம் தின்றால் வயிற்றுவலியும் துள்ளலும் சேர்ந்தே வரும். சாணம் குறைகிறதா என்று குதிரையைப் பராமரிக்கும் ஆள் தினமும் சொல்லட்டும்.

காலையும் மாலையும் ஒரே ஆள் காஸ்ட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஆள் மாறினால் நேற்றைய சூட்டோடு இன்றையதை ஒப்பிட முடியாது. ஓரிடம் மட்டும் சூடு, நாற்றம், ஈ மொய்ப்பது, ஈரக்கறை, மேல்விளிம்புக்கு மேலே வீக்கம், உடல் வெப்பம் 38.5 டிகிரியைத் தாண்டுவது, நேற்று ஊன்றிய காலை இன்று தூக்கி வைத்திருப்பது. இவற்றில் ஒன்று வந்தாலும் காஸ்ட்டைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஒன்றும் இல்லை என்றால் நஷ்டம் ஒரு காஸ்ட் செலவு. வலிமருந்தைக் கூட்டிவிட்டு நாளை பார்க்கலாம் என்று விட்டால் எலும்பு தெரியும் புண்ணை எதிர்பார்க்கலாம்.

அடிபட்ட காலையே பார்த்துக்கொண்டு எதிர்க்காலை மறந்துவிடுவார்கள். மாதக்கணக்கில் எடை முழுவதும் அதன்மேல்தான். குளம்புக்குள் தகடுகள் வீங்கி எலும்பு கழன்று இறங்கும் லேமினைட்டிஸ் அதில் வரலாம். அமெரிக்காவின் பார்பரோ 2006-இல் கென்டக்கி டெர்பியை வென்று, அடுத்து பிரீக்னஸ் ஓட்டத்தில் வலது பின்னங்கால் முறிந்த குதிரை. முறிவை மருத்துவர்கள் சேர்த்துவிட்டார்கள். ஆனால் லேமினைட்டிஸ் மற்றக் கால்களுக்கும் பரவி, 2007 ஜனவரி 29 அன்று அதைக் கருணைக்கொலை செய்ய வேண்டியதாயிற்று. முறிவுக்கும் தசைநாண் வெட்டுக்கும் இதில் வேறுபாடில்லை. நல்ல காலின் குளம்புக்கு முதல் நாளே தாங்கும் திண்டு கட்டுங்கள், உயரமும் காஸ்ட் காலுக்குச் சமமாகட்டும். படுக்கை மெத்தென்று ஆழமாக இருக்கட்டும், குதிரை படுத்து ஓய்வெடுக்கும். ஃபெட்லாக் பக்கத்தில் நாடித்துடிப்பைத் தினமும் தொட்டுப் பாருங்கள், துடிப்பு ஓங்கினால் அன்றே எக்ஸ்ரே.

வலிமருந்தை வலி தாங்கும் அளவுக்குக் கொடுங்கள். முழுதாக வலியே இல்லாமல் கொடுத்தால் குடல் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரும், காஸ்ட் கடிப்பதைச் சொல்லவும் குதிரைக்கு வழியிருக்காது.

முதல் காஸ்ட்டை இரண்டு மூன்று வாரத்தில் மாற்றிக் காயத்தைப் பாருங்கள். மொத்தம் ஆறு முதல் எட்டு வாரம் காஸ்ட்டில் இருக்க வேண்டும். தோல் ஆறிவிட்டது என்று நான்காம் வாரத்தில் கழற்றச் சொல்லிச் சொந்தக்காரர் கேட்பார். தோல் ஆறும் வேகத்தில் தசைநாண் ஆறாது, அந்த நேரத்தில் உள்ளே இருப்பது மென்மையான புதுத்திசு.

10. காஸ்ட் கழற்றிய பிறகு

வெறுங்காலோடு விடாதீர்கள். காஸ்ட்டிலிருந்து ஸ்பிளிண்ட் வைத்த தடித்த கட்டு, அதிலிருந்து வெறும் கட்டு, கூடவே சிறப்பு லாடம் என்று படிப்படியாக இறங்க வேண்டும். இத்தனை வாரம் சும்மா இருந்த நல்ல நார்களும் இப்போது வலுவிழந்திருக்கும்.

ஆழ்மடக்குத் தசைநாண் என்றால் பின்பக்கம் நீண்டு குதிகாலை உயர்த்திய லாடம், நுனி தூக்காமல் அது தடுக்கும். மேல்மடக்குத் தசைநாண் என்றால் ஃபெட்லாக்கைப் பின்னாலிருந்து தாங்கும் லாடம். உயரத்தைச் சில வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். லாடக்காரரை ஆபரேஷன் நடந்த வாரமே பேசி வைப்பது நல்லது, இந்த லாடம் கடையில் தொங்காது.

கையில் பிடித்து நடத்துவதை மருத்துவர் சொன்ன பிறகு ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு முறை என்று தொடங்குங்கள். சமதளம், இறுகிய தரை. மணலில் நடத்தினால் இதமாக இருக்கும் என்று நினைப்பார்கள், ஆனால் மணலில் குளம்பு புதையும்போது தசைநாணுக்கு இழுவை கூடுகிறது. வாரம் ஒன்றிரண்டுக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் கூட்டலாம். அளவான அசைவு புதிய நார்களை நீளவாக்கில் அடுக்குகிறது, உறைக்குள் ஒட்டுவதையும் குறைக்கிறது. முழு ஓய்வும் கெடுதல், திறந்தவெளியில் அவிழ்த்துவிடுவது அதைவிடக் கெடுதல். முதல் ஆறு மாதத்துக்கு மேய்ச்சல் வெளி கூடாது.

இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் எடுத்து, எதிர்க்காலின் அதே இடத்தோடு ஒப்பிடுங்கள். வேலையைக் கூட்டுவது படத்தைப் பார்த்துத்தான், நொண்டவில்லை என்பதை வைத்து அல்ல. வடுத்திசு நீளும் தன்மையில் பழைய தசைநாணுக்கு ஈடாகாது. நொண்டல் போய்ப் பல மாதம் கழித்தும் அது உறுதிப்பட்டுக்கொண்டே இருக்கும்.

உறைக்குள் தைத்த குதிரை மாதங்கள் கழித்தும் நொண்டி, உறை வீங்கியே இருந்தால் ஒட்டுத்திசுவோ ஃபெட்லாக்கின் பின்னால் உள்ள வளைய லிகமெண்ட் இறுகியதோ காரணமாக இருக்கலாம். டெனோஸ்கோப் வைத்து அதை விடுவிக்க முடியும், அது தனி ஆபரேஷன்.

சவாரி என்றால் ஒன்பது மாதத்துக்கு முன் பேச்சே வேண்டாம், பல குதிரைகளுக்கு ஒரு வருடம் ஆகும். முதலில் முதுகில் ஆள் ஏறி நடை மட்டும், பிறகு நேர்கோட்டில் டிராட். வட்டமடிப்பதும் தாண்டுவதும் கடைசி. ஒவ்வொரு படி ஏறும்போதும் மறுநாள் காலை, கட்டைக் கழற்றியதும், தசைநாணை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிப் பாருங்கள். சூடோ புது வீக்கமோ தட்டுப்பட்டால் ஒரு படி இறங்கி, அடுத்த அல்ட்ராசவுண்ட் வரை அங்கேயே நிறுத்துங்கள்.